இரைச்சல் பரீட்சகர்

செர்டாங் பக்கம் விமான டிக்கெட் எடுத்தவர் எவரும் இவரிடம் மாட்டாமல் போனதில்லை. மகளின் பட்டமளிப்புக்கு நீங்கள் லண்டன் போகும் சேதி, நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர் காதுக்குப் போயிருக்கும். தே தாரிக்கும் கையுமாக வந்து உட்காருவார். பசியாறியாச்சா என்று கேட்க மாட்டார்.

"பதினாலு மணி நேரம் பறக்கணும். காதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

ஹெட்போனைக் கடையில் பாட்டுப் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளப்பம். பாட்டு எதில் போட்டாலும் கேட்கும்; விமானம் பாடாது, இரையும் என்பது அவர் கட்சி. அதனால் அவருடைய பரிசோதனைக் கூடம், சாப்பாட்டுக் கடை வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் செம்பனைக் குலை லோரி. மருமகனின் இரைச்சல் அடக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதனருகில் கண்ணை மூடி நிற்பார். லோரிச் சத்தம் ஓய்ந்ததும் கட்டைவிரலை உயர்த்துவார். அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் பின்னால் சேவல் கூவும். முகம் சுருங்கிவிடும்.

இதில் மட்டும் அவர் சொல்வது சரி என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். வெளிச் சத்தத்தைக் குட்டி மைக் பிடிக்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உள்ளே கிளப்ப, இரண்டும் மோதி அடங்குகின்றன. ஒரே சீராக உறுமும் தாழ்ந்த ஒலியிடம் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். குழந்தையின் வீறிடலிடம் அவ்வளவாகப் பலிக்காது. அங்கே காதை மூடும் பஞ்சு மெத்தைதான் கொஞ்சம் கைகொடுக்கும். லோரியும் சேவலும் சொன்னது இதைத்தான்.

அடுத்து, போஸ் ஹெட்போன் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸின் புராணம். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலை மீறி இசை கேட்கவில்லை. தரையிறங்குவதற்குள் எதிர் அலைக்குக் கணக்குப் போட்டுவிட்டார். அவர் கம்பெனியின் சரக்கு 1989இல் விமானிகளுக்கும் 2000இல் பயணிகளுக்கும் வந்தது. போஸ் பிறந்தது பிலடெல்பியாவில். அப்பா, வெள்ளைக்காரனிடமிருந்து தப்பி அமெரிக்கா போன வங்காளி. நம்மவருக்கு அது போதும்: "நம்ம ஆளு லா!"

கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுப்பார். உள்ளே ஒயரும் இரண்டு முள் பிளக்கும். "சீட்டு முன்னால இருக்கிற டிவிக்கு புளூடூத் ஒட்டாதுங்க, முக்கால்வாசி விமானத்துல. ஒயர் இல்லாம ஏறாதீங்க."

இவ்வளவு சொன்னவர் சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கிறாரா? நல்லது ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். 11.11 தள்ளுபடிக்குக் காத்திருப்பார். அது வருவதற்குள் புது மாடல் வரப்போகிறது என்பார். பழையது விலை இறங்கட்டும் என்று 12.12 வரை பொறுப்பார். அப்புறம் சீனப் பெருநாள் தள்ளுபடி.

ஒரு வழியாக அவரும் பினாங்கிலிருந்து சென்னைக்குப் பறந்தார், மருமகனின் ஹெட்போனோடு. மாட்டிய நிமிடத்தில் இரைச்சல் அடங்கியது. தம் குரலும் அடங்கிக் கேட்டதால் தொண்டையைத் திறந்து, பக்கத்து இருக்கைக்காரருக்குச் சூரிக்கிலிருந்து ஆரம்பித்தார். வங்கக் கடல் முழுக்கப் பாடம் நடந்தது. எதிர் அலையை இரண்டாம் முறை விளக்கியபோது அந்த மனிதர் மெல்ல அவர் தோளைத் தட்டிக் கேட்டார்:

"அண்ணே, இது எங்க கிடைக்கும்? எனக்கு இப்பவே ஒண்ணு வேணும்."