தாய்மாமன் தலை எத்தனை அடி? – பேனர் டிசைனுக்கு ஒரு கையேடு

காதணி விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சமையல்காரர் மளிகை லிஸ்ட்டும் போட்டுவிட்டார். பாக்கி இருப்பது பேனர் ஒன்றுதான். உங்களிடம் ஒரு கம்ப்யூட்டரும், அதில் எப்படியோ வந்து சேர்ந்த போட்டோஷாப்பும் இருப்பது சொந்தபந்தத்துக்குத் தெரிந்துவிட்டால் இனி தப்ப முடியாது. "சும்மா நாலு போட்டோவை ஒட்டிக் குடு தம்பி, அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று பெரியப்பா வந்து நிற்பார்.

போட்டோஷாப்பை எழுதியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்க அண்ணன் தம்பி. 1990 பிப்ரவரியில் அது விற்பனைக்கு வந்தது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில் லேயர் சேர்ந்தது. அதன் பிறகு ஒரே படத்துக்குள் ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனி அடுக்கில் வைத்து, மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், ஓரமாகத் தள்ளலாம். அவர்கள் எதற்காகச் செய்தார்களோ, நம் ஊரில் அது ஒரே வேலைக்குத்தான் பயன்படுகிறது: யார் பெரியவர், யார் யாருக்குப் பக்கத்தில், யார் கணக்கிலேயே இல்லை என்பதை ஊரறியச் சொல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படி 1: படம் கேளுங்கள்

"நல்ல படமா அனுப்புங்க" என்று கேட்டால் வராது. வருவது மூன்று வகை. முதல் வகை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்தது. தலைக்கு மேல் பேட்டரி அளவும் கூடவே வரும். இரண்டாம் வகை, பழைய கல்யாண ஆல்பத்தை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து போனில் எடுத்தது; மாமாவின் நெற்றியில் திருநீறு எது, டியூப்லைட் எது என்று தெரியாது. மூன்றாம் வகை, ஆதார் அட்டை ஜெராக்ஸ்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். மாமா சரி என்பார். பிறகு அதே சுருங்கிய படத்தை ஒரு வேர்டு ஃபைலில் ஒட்டி, டாக்குமெண்டாக அனுப்பிவைப்பார்.

படி 2: கணக்குப் போடுங்கள்

பேனர் 10 அடிக்கு 8 அடி. யாராவது "300 டிபிஐ வைப்பா, அப்பத்தான் கிளியரா வரும்" என்று அறிவுரை சொல்வார்கள். அப்படி அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் அகலம் 36,000 பிக்ஸல். போட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி ஃபைல் 30,000 பிக்ஸலுக்கு மேல் தாங்காது. உங்கள் கம்ப்யூட்டர் அதற்கு வெகு முன்னாலேயே கைவிரித்துவிடும். பேனரைத் தெருவிலிருந்து பார்க்கிறார்கள், யாரும் முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை. 72 போதும். அகலம் 8,640 பிக்ஸல்.

இப்போது மாமாவுக்கு வாருங்கள். குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்கும் அவருடைய முகத்தின் உயரம் சுமார் 90 பிக்ஸல். பேனரில் அந்த முகம் 4 அடி உயரம் வர வேண்டும் என்பது குடும்பத் தீர்மானம். அதாவது ஒவ்வொரு பிக்ஸலும் அரை அங்குலத்துக்கு மேல். கண் என்று நீங்கள் நம்பும் இடத்தில் நாலைந்து பழுப்புக் கட்டங்கள் இருக்கும். கவலை வேண்டாம், படி 5-இல் கண் வரைந்துகொள்ளலாம்.

படி 3: வெட்டி எடுங்கள்

மேஜிக் வாண்ட் என்றொரு கருவி உண்டு. ஒரே நிறத்தில் இருப்பதையெல்லாம் ஒரு சொடுக்கில் பிடித்துவிடும். மாமா வெள்ளைச் சட்டையில் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்பதால், சுவரோடு சட்டையும் போய்விடும். எனவே பென் டூல். காதுமடலில் தொடங்கி, புள்ளி புள்ளியாக வைத்து, வளைவை இழுத்து இழுத்துத் தோளில் இறங்குங்கள். புள்ளியில் கஞ்சத்தனம் பண்ணினால் காது சப்பையாகிவிடும். விழாவே காதுக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் ஒரு பிக்ஸல் வைத்தால் போதும். சுழியம் வைத்தால் ஓரம் வெடுக்கென்று தெரியும். இருபது வைத்தால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும். மாமா அதைத்தான் விரும்புவார். அதற்குத் தனியாகக் காசு கேளுங்கள்.

குரூப் போட்டோவிலிருந்து ஒருவரைப் பிரித்தால் பக்கத்தில் நின்றவரின் கை மட்டும் தோளில் மிச்சமிருக்கும். நாலு விரல், அதில் ஒரு மோதிரம். குளோன் ஸ்டாம்ப் எடுத்து, ஆல்ட் கீயை அழுத்திச் சட்டையின் வேறொரு இடத்தைத் தொட்டுவிட்டு, விரல் மேல் பூசிக்கொண்டே வாருங்கள். வெள்ளைச் சட்டை என்றால் பிழைத்தீர்கள். கட்டம் போட்ட சட்டை என்றால் கோட்டுக்குக் கோடு சேரவே சேராது. அந்த இடத்தில் ஒரு ரோஜா மாலையைப் போட்டு மூடிவிடுவது தொழில் மரபு.

படி 4: உடம்பு மாற்றுங்கள்

தாத்தா காலமாகிவிட்டார். இருப்பது ரேஷன் கார்டுப் படம் ஒன்றுதான்; அதில் அவர் பனியனோடு இருக்கிறார். "கோட்டு சூட்டு மாட்டி விட்டுரு" என்பார்கள். தயங்காதீர்கள், இதற்குப் பெரிய இடத்து முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் கம்பீரமாக நிற்கும் புகழ்பெற்ற முழு உருவப் படம் ஒன்றில் தலை மட்டும்தான் லிங்கனுடையது. உடல், அடிமை முறையை ஆதரித்த ஜான் கால்ஹூன் என்ற அரசியல்வாதியுடையது. லிங்கனுக்கே அடுத்தவர் உடம்பு என்றால், தாத்தாவுக்கு அடுத்தவர் கோட்டு ஒரு பொருட்டா?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமும் கோட்டில் வலப்பக்கமும் விழும். சரிசெய்வதாக நினைத்து முகத்தைத் திருப்பிப் போட்டால் கன்னத்து மச்சம் இந்தப் பக்கம் வந்துவிடும். பாட்டி முதலில் பார்ப்பது அதைத்தான். கோட்டைத் திருப்புங்கள். பாக்கெட் வலப்பக்கம் போவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 5: வெளுத்து விடுங்கள்

"கொஞ்சம் பிரைட் பண்ணு" என்றால் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கர்வ்ஸ் கோட்டை மேலே இழுங்கள். வயல்வேலையில் கருத்த மாமா கோதுமை நிறத்துக்கு வருவார். இன்னும் இழுங்கள், ரோஸ் ஆவார். இதழில் லேசாகச் சிவப்பு வையுங்கள். வீட்டில் யாரும் இது யார் என்று கேட்க மாட்டார்கள். நல்லா வந்திருக்கு என்பார்கள்.

அடுத்து ஸ்மட்ஜ் டூல். கன்னத்தின் மேல் மெதுவாகத் தேய்த்தால் பரு, தழும்பு, சுருக்கம், வயது எல்லாம் கரைந்துவிடும். மெல்லிய பிரஷ் எடுத்துப் புருவத்தை ஒவ்வொரு மயிராக வெளியே இழுங்கள். கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் உயிர் வரும். வழுக்கைக்கும் இதே முறைதான்: காதோரம் மிச்சமிருக்கும் முடியைத் தொட்டு உச்சிவரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். அண்ணா சாலையில் சினிமா கட்அவுட்டுகளுக்குச் சாரமேறி நின்று முகம் தீட்டிய ஓவியர்கள் வண்ணத்தைக் குழைத்துச் செய்த வேலையை, ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைப் பறித்த பிறகு, நீங்கள் மௌஸைத் தேய்த்துச் செய்கிறீர்கள்.

படி 6: இடம் ஒதுக்குங்கள்

இதுதான் உயிர்நிலை. குழந்தை நடுவில் என்று நினைத்தால் உங்களுக்கு அனுபவம் போதாது. நடுவில் தாய்மாமன். மாமன்மார் இருவர் என்றால் இருவர் தலையும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒருவர் மூக்கு கொஞ்சம் முன்னால் வந்தாலும் சீர்வரிசையில் அது தெரியும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் பேனரில் தோளோடு தோள் உரசி நிற்கட்டும். நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டைக்காக எகிப்தின் பிரமிடுகளையே ஒன்றோடொன்று நெருக்கிவைத்தது. போட்டோஷாப் பிறப்பதற்கு முன்பே அது நடந்தது. மாமன்களை நகர்த்த உங்களுக்கென்ன?

மேல்வரிசையில் வட்டத்துக்குள் மறைந்த பெரியவர்கள். கீழ்வரிசையில் ஸ்டாம்ப் சைஸில் கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள். பேனர் செலவில் பங்கு போட்டவர்கள் அவர்கள்தான், ஒரு தலை விட்டுப்போனாலும் ஒரு பங்கு குறையும். குழந்தைக்கு மூலையில் இடமிருந்தால் வையுங்கள்.

படி 7: எழுத்து வையுங்கள்

பழைய போட்டோஷாப்பில் யூனிகோடில் தட்டினால், 'கொ' என்ற எழுத்தில் கொம்பு பின்னால் போய் நிற்கும். மென்பொருளைக் கோபித்துப் பயனில்லை; செட்டிங்ஸில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பாமினி போன்ற பழைய ஃபாண்டுக்குப் போவார்கள். அந்த ஃபாண்ட் பிரிண்ட் கடையில் இல்லாவிட்டால் "அன்புடன் அழைக்கிறோம்" என்பது ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறி நிற்கும். அனுப்புமுன் எழுத்து லேயரை ராஸ்டரைஸ் செய்து படமாக்கிவிடுங்கள்.

படி 8: ப்ரூஃப் காட்டுங்கள்

குடும்ப குரூப்பில் போடுங்கள். ஆளுக்கு ஆள் தன் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருத்தம் சொல்வார்கள். தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள். அதை நீங்களே பாருங்கள்.

படி 9: கட்டும் இடத்தை யோசியுங்கள்

ரீப்பர் கட்டை, சவுக்குக் கம்பு, கட்டுக்கம்பி. எங்கே நடுவது என்பதில் ஊர்ப் பெருமையைப் பார்க்காதீர்கள். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியில்லாமல் சாலை நடுவே கட்டிய கல்யாணப் பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பெண் பேனரில் இருந்தவர்களுக்கு உறவுமில்லை, அழைப்பு பெற்றவருமில்லை. அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் மண்டபத்துக்குள்ளேயே மாட்டுங்கள்.

விழா முடிந்ததும் பேனரைக் கழற்றுவது உங்கள் வேலையில்லை. அது மக்காத பிளாஸ்டிக். யாராவது எடுத்துப் போய் ஆட்டுக்கொட்டகைக்கு மேல் போடுவார்கள். அடுத்த மழைக்காலம் முழுக்க மாமா ஆடுகளுக்கு மேலே சிரித்துக்கொண்டிருப்பார்.

படி 10: ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள்

கடைசி நேரத்தில் ஒரு போன் வரும். "சின்ன மாமாவை எடுத்துரு." காரணம் கேட்காதீர்கள், வரப்புத் தகராறாக இருக்கும். இதற்கும் முன்னுதாரணம் உண்டு. மாஸ்கோ கால்வாய்க் கரையில் எடுத்த ஒரு படத்தில் ஸ்டாலின் பக்கத்தில் நின்ற ரகசியப் போலீஸ் தலைவர் நிக்கோலாய் யெஷோவை 1940-இல் சுட்டுக் கொன்ற பிறகு, அந்தப் படத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. அவர்கள் கையால் அழித்தார்கள், அழித்தது அழித்ததுதான்.

உங்களுக்கு அந்த அவஸ்தை இல்லை. லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கிறது. அதைச் சொடுக்குங்கள், சின்ன மாமா மறைவார். டிலீட் பண்ணாதீர்கள், எல்லா லேயரையும் ஒன்றாக்கும் 'ஃபிளாட்டன் இமேஜ்' பக்கமே போகாதீர்கள். தை மாதம் சின்ன மாமா பெண்ணுக்குக் கல்யாணம். கண்ணைத் திறந்துவிட்டால், வெட்டி வெளுத்து முடி வளர்த்த முகம் தயாராக இருக்கும். அன்றைக்கு மறைய வேண்டியது பெரிய மாமாவாக இருக்கலாம். கட்சிக் கூட்டணிகளுக்குப் பேனர் அடிக்கும் டிசைனர்கள் எந்தத் தலைவரையும் டிலீட் செய்வதில்லை. அடுத்த தேர்தலும் அவர்கள் பிழைப்புதானே.