ஒன்றுமறியா ஆண்டகை

பேராயர் பால் மார்சிங்கஸ் ஆண்டகை 2006 பிப்ரவரி 20 அன்று, தம் 84ஆம் வயதில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் காலமானார். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுங்கள் என்று யாரும் வத்திக்கான் கதவைத் தட்டியதாகத் தெரியவில்லை. நன்றி கெட்ட உலகம்! பட்டத்துக்கு அற்புதம் வேண்டுமாம். ஒருவர் ஒரு வங்கிக்கு 18 ஆண்டுகள் தலைவராக இருந்து, அதில் நடந்த எதையும் அறியாமலே வெளியே வந்தார் என்பதைவிடப் பெரிய அற்புதம் எது?

பிறப்பிலேயே பெருமை தொடங்கிவிடுகிறது. சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் 1922இல் பிறந்தார். லித்துவேனியாவிலிருந்து பிழைக்கப்போன குடும்பம். தந்தை கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடி துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். உள்ளே இருப்பது வெளியே பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது தந்தையின் தொழில். தெரியவே கூடாது என்பது மகனுக்கு வாய்த்த பணி. ஒரே தலைமுறையில் எவ்வளவு முன்னேற்றம்! ஆண்டகைக்கு இரண்டு வயதானபோது தாதா அல் கபோன் தன் ஜாகையை அதே சிசரோவுக்கு மாற்றிக்கொண்டார். ஊரைச் சொல்லி ஆளைப் பழிப்பது முறையல்ல. உள்ளூர் தாதாக்களின் சகவாசம் ஆண்டகைக்குத் தேவைப்படவும் இல்லை. உலகத் தரத்து நண்பர்கள் பின்னால் தாமே வந்து சேர்ந்தார்கள்.

1947இல் குருப்பட்டம் பெற்று, ரோமுக்குப் போய்த் திருச்சபைச் சட்டம் படித்து, வத்திக்கான் செயலகத்தில் சேர்ந்தார். ஆறடியைத் தாண்டிய உயரம், அதற்கேற்ற தோள். ரோமாபுரியில் அவருக்கு வைத்த செல்லப்பெயர் 'கொரில்லா'. திருத்தந்தை ஆறாம் பவுலின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்பவரும் அவரே, கூட்டத்தில் வழி விலக்குபவரும் அவரே. 1970இல் மணிலா விமான நிலையத்தில் குருவின் உடையில் கத்தியோடு ஒருவன் திருத்தந்தையின் மேல் பாய்ந்தபோது குறுக்கே விழுந்து தடுத்தவர்களில் அவரும் உண்டு என்பார்கள். இந்த ஒரு பாராட்டில் எந்தக் கலப்படமும் இல்லை. கத்தியோடு வருகிறவனை அவர் கண் உடனே கண்டுகொண்டது. செக் புத்தகத்தோடு வந்தவர்களைப் பார்க்கும்போதுதான் அந்தக் கண் கொஞ்சம் மங்கியது.

1971இல் வத்திக்கான் வங்கி அவர் கைக்கு வந்தது. 'சமயப் பணிகளுக்கான நிறுவனம்' என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1942இல் ஏற்படுத்தியது. ஐந்தாம் நிக்கோலாஸின் பெயர் தாங்கிய பழைய கோட்டைக் கோபுரத்தில் இயங்குவது. உலகெங்குமுள்ள துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் நம்பிப் பணம் போட்டுவைக்கும் இடம். தமக்கு வங்கி அனுபவம் கிடையாது என்பதை ஆண்டகை மறைத்ததே இல்லை. கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் எழுத உட்காருகிறவரிடம்கூடச் சான்றிதழ் கேட்கிறார்கள். பரலோகத்துக்குப் பொறுப்பானவர்கள் அப்படிக் கேட்பார்களா?

'அருள் நிறைந்த மரியே' சொல்லித் திருச்சபையை நடத்த முடியாது என்று ஆண்டகை சொன்னதாக ஒரு பேச்சு உலகைச் சுற்றி வந்தது. ஓய்வு பெறும் ஊழியருக்குப் பென்ஷனாக ஜெபத்தைக் கொடுத்தனுப்ப முடியாது என்ற பொருளில்தான் பேசினேன் என்று அவர் பிற்பாடு விளக்கினார். நியாயமான விளக்கம். ஆனாலும் ஜெபத்துக்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு: அதைப் பனாமாவுக்கு அனுப்பித் தொலைக்க முடியாது.

நண்பர்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆண்டகையின் கள்ளமற்ற உள்ளம் முழுதாக ஒளிவீசியது. முதல்வர் சிசிலிக்காரரான மிக்கேலே சிந்தோனா, வத்திக்கானின் நிதி ஆலோசகர். அவர் கைப்பற்றிய பிராங்க்ளின் நேஷனல் வங்கி 1974இல் கவிழ்ந்தது. அமெரிக்கா அதுவரை கண்ட வங்கித் திவால்களில் அதுவே பெரிது. இத்தாலியில் சிந்தோனாவின் வங்கியைக் கலைத்துக் கணக்கு முடிக்க ஜோர்ஜோ அம்பிரோசோலி என்ற வழக்கறிஞரை அரசு நியமித்தது. அவர் ஏட்டைப் புரட்டினார், எல்லாவற்றையும் அறிந்தார், மிரட்டலுக்கு மசியவில்லை. 1979 ஜூலையில் மிலான் நகரில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏவியவர் சிந்தோனா என்று 1986 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சில நாட்களில் சிந்தோனா சிறையில் சயனைடு கலந்த காப்பி குடித்து இறந்தார். அறிவது எவ்வளவு ஆபத்தானது, அறியாமை எவ்வளவு ஆயுள் தரும் என்பதை ஆண்டகை எப்போதோ உணர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த நண்பர் ரொபெர்த்தோ கால்வி, மிலானின் பாங்கோ அம்ப்ரோசியானோ வங்கித் தலைவர். 'கடவுளின் வங்கியாளர்' என்று பத்திரிகைகள் அவரை அழைத்தன. கடவுளைக் கேட்டுத்தான் வைத்தார்களா தெரியவில்லை. பஹாமாஸ் தீவில் கால்வி தொடங்கிய வங்கியின் இயக்குநர் குழுவில் ஆண்டகையும் இடம்பெற்றார். 1981 ஜூலையில், சட்டவிரோதமாகப் பணத்தை நாட்டைவிட்டு வெளியேற்றிய குற்றத்துக்காகக் கால்விக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்து வெளியே வந்தார். சாதாரண வங்கிக்காரர் என்றால் அந்த ஆளின் நிழலைக்கூட மிதித்திருக்க மாட்டார். ஆண்டகையோ பாவிகளைத் தேடிப்போகும் மரபில் வந்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் வத்திக்கான் வங்கியின் பெயரால் ஆதரவுக் கடிதங்கள் கொடுக்க வைத்தார். பனாமாவிலும் லக்சம்பர்க்கிலும் இருந்த சில காகிதக் கம்பெனிகள் எங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவை, அவற்றின் கடன்களை நாங்கள் அறிவோம் என்பது கடிதங்களின் சாரம். வத்திக்கானே நிற்கிறது என்று கடன் கொடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அவர்கள் பார்க்காத இன்னொரு கடிதமும் இருந்தது. இந்த ஆதரவால் வத்திக்கான் வங்கிக்கு எந்தப் பொறுப்பும் வராது என்று கால்வி எழுதிக் கொடுத்த பதில் கடிதம். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற நற்செய்தியின் போதனையை நாம் தர்மம் கொடுக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்கிறோம். ஜாமீன் கொடுப்பதற்கும் அது பொருந்தும் என்று கண்டவர் ஆண்டகை. புண்ணியத்துக்குப் பலன் தாமதிக்கவில்லை. அதே செப்டம்பரில் அவர் ஆயர் நிலையிலிருந்து பேராயராக உயர்த்தப்பட்டு, வத்திக்கான் நகர நிர்வாகப் பொறுப்பும் பெற்றார்.

1982 ஜூன் 18 காலை, லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தின் அடியில், சட்டைப்பைகளில் செங்கல்லோடு கால்வியின் உடல் தொங்கியது. முந்தின நாள்தான் அவருடைய செயலாளர் வங்கி மாடியிலிருந்து விழுந்து இறந்திருந்தார். அம்ப்ரோசியானோ வங்கி கவிழ்ந்தபோது சுமார் 130 கோடி டாலர் கணக்கில் இடித்தது. அதில் பெரும்பகுதி அந்தக் காகிதக் கம்பெனிகளின் வழியே போயிருந்தது. ஆண்டகைக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் 1984இல் வத்திக்கான் காட்டிய தாராளத்தை வியக்க வேண்டியிருக்கிறது: சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பில்லை, தார்மிக ஈடுபாட்டுக்காகத் தருகிறோம் என்று சொல்லி ஏறத்தாழ 24 கோடி டாலரை அந்த வங்கிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது. பட்டிராத கடனை அடைக்கும் பண்பு இந்தக் காலத்தில் யாருக்கு வரும்? அந்தப் பணம் எந்த மறைபணிக்குப் போயிருக்கும் என்று கேட்பது அற்பர்களின் வேலை.

1987 பிப்ரவரியில் மிலான் நீதித்துறை, திவால் மோசடிக்கு உடந்தை என்று ஆண்டகைக்கும் வத்திக்கான் வங்கி அதிகாரிகள் இருவருக்கும் பிடி ஆணை பிறப்பித்தது. உலகை வலம்வந்த அந்தக் கால்கள் வத்திக்கானின் 44 ஹெக்டேர் மதிலுக்குள் அடங்கி இருந்தன. தவம் என்பது வேறென்ன? 1929இல் முசோலினி கையெழுத்திட்ட லாத்தரன் ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு, திருச்சபையின் மைய அமைப்புகளில் இத்தாலிய அரசு தலையிடக் கூடாது என்கிறது. அதைக் காட்டி நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூலையில் ஆணைகளை ரத்து செய்தது. பொந்தியு பிலாத்துவின் முன் நின்ற கைதிக்கு இப்படி ஒரு பிரிவு கிடைத்திருந்தால் கிறிஸ்தவ வரலாறே வேறாகியிருக்கும்!

ஆண்டகையின் மேல் அவதூறு சொன்னவர்களும் உண்டு. 33 நாட்களே ஆட்சி செய்து 1978இல் இறந்த திருத்தந்தை முதலாம் யோவான் பவுலின் மரணத்திலும் அவர் பெயரை இழுத்தார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. 1990இல் வந்த 'காட்பாதர்' மூன்றாம் பாகம் அவர் சாயலில் ஒரு பேராயரைத் திரையில் உலவவிட்டது. கற்பனைக்கு அவசியமே இல்லாத ஒரு வாழ்க்கைக்கு இவ்வளவு கற்பனையைச் செலவழித்தது வீண்.

1989இல் வங்கிப் பதவி முடிந்தது. கர்தினால் தொப்பி கடைசிவரை வரவில்லை. மறு ஆண்டு அமெரிக்கா திரும்பி, பிற்பாடு அரிசோனாவின் சன் சிட்டியில் பங்குக் குருவுக்கு உதவியாகத் திருப்பலி நிறைவேற்றி, கோல்ஃப் விளையாடி, எளிமையாக வாழ்ந்தார். திருப்பலி நிறைவேற்றிய கை என்று அங்குள்ளவர்கள் அவரை நேசித்திருக்கலாம். நான் அதை மறுக்கவில்லை.

ஆண்டகையை இத்தனை நேரம் புகழ்ந்தாயிற்று. புகழில் சரிபாதி அவரை அங்கே உட்கார வைத்தவர்களுக்கும், கடிதங்கள் வெளியான பின்னும் ஏழு ஆண்டுகள் அதே நாற்காலியில் வைத்துக் காத்தவர்களுக்கும் சேர வேண்டும். கணக்கைப் படித்து அறிந்த அம்பிரோசோலி 45 வயதில் கொல்லப்பட்டார். ஒன்றும் அறியாத மார்சிங்கஸ் 84 வயதில் இயற்கையாக இறந்தார். அவரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. எந்த நீதிமன்றமும் அவரை விசாரித்ததும் இல்லை.