பந்தயமும் தூதும்

கேள்வி: கல்லூரி விளையாட்டுகளுக்கென்றே தமிழில் ஓர் அலைவரிசை வந்தால், தொடக்க ஆட்டத்தின்மீது கைப்பேசியில் பந்தயம் கட்டலாமா?
— ஒரு நெசவாளர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தோன்றியதையும், 2020-இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கான கேலோ இந்தியா போட்டிகள் புவனேசுவரத்தில் ஆரம்பமானதையும் கண்டு மகிழ்ந்த எமக்கு, தாங்கள் விரும்பும் அலைவரிசையும் உதயமாவதில் ஆட்சேபமில்லை, ஆயின், நாள்கணக்கில் தறிக்குழியில் அமர்ந்து நெய்த புடவையை அறுத்துக் கொடுத்துப் பெற்ற கூலியை, பரீட்சைக் கவலையோடு ஒரு பிள்ளை வீசும் பந்தின்மேல் வைப்பது விவேகமன்று. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமோ, இணையவழியில் பந்தயம் கட்டுவோருக்கு மூன்று மாதம் வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அதற்கும் அஞ்சாத துணிவு பிறக்குமாயின், நம்மூர்ப் பாடகத்திலே சுமார் 25 அடி உயரத்தில் வீற்றிருக்கும் பாண்டவதூதப் பெருமாளை ஒருமுறை சேவித்து வாருங்கள்: சூதிலே ராஜ்யத்தைத் தோற்ற தர்மபுத்திரருக்காக, ஐந்து ஊரேனும் தருமாறு கேட்டுத் தூது நடக்கப் பகவானே இருந்தார், தாங்கள் தோற்றால், வட்டிக்கடைக்காரரிடம் தூது நடக்கத் தங்கள் இல்லத்தரசியைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அவரோ அன்றைக்குச் சமாதானம் பேசும் மனோநிலையில் இருக்கமாட்டார்!