கூலண்ட் மீமாம்சை

நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்ற விசாரத்தில் நெய்யையும் தொன்னையையும் ஒருங்கே இழந்த பண்டிதரைப் பற்றி நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஆனால் மோட்டார் வண்டியின் இயந்திரத்திற்குக் கூலண்ட் ஆதாரமா, கூலண்டுக்கு இயந்திரம் ஆதாரமா என்னும், அதனினும் நுட்பமானதும் பன்மடங்கு செலவு வைப்பதுமான கேள்வியை அத்தகைய பண்டிதர் எவரும் கையில் எடுக்காதது நம் சாஸ்திர மரபுக்கு நேர்ந்த பெருங்குறையாகும். குடும்ப வண்டி ஒன்றின் உடைமையாளனாக ஆறு ஆண்டுகளும், சென்ற வைகாசியில் ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் சுற்றம் சூழ நின்றவனாக ஒன்றேகால் மணி நேரமும் கழித்திருப்பதே இக்குறையை நீக்க முற்படுவதற்கு எனக்குள்ள யோக்கியதை. நூலின் தொடக்கத்தில் அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்ற நான்கையும் உரைத்துவிட வேண்டும் என்பது மரபாதலின் அவற்றையும் உரைக்கிறேன்: அதிகாரி, வண்டிக்கு மாதத் தவணை கட்டுபவர், விஷயம், பானெட்டுக்குக் கீழே ஒரு மூலையில் வெண்ணிறத் தொட்டியில் இருக்கும் திரவம், சம்பந்தம், அது வற்றினால் இவரது பையும் வற்றும் என்பது, பிரயோஜனம், அதே பை.

முதற்கண் பெயராராய்ச்சி. இத்திரவத்தைப் பழைய ஓட்டுநர்கள் ‘ரேடியேட்டர் தண்ணி’ என்றார்கள். உதிரிபாகக் கடைக்காரர்கள் ‘கூலண்ட் ஆயில்’ என்கிறார்கள், அதில் எண்ணெய் என்று சொல்லத்தக்கது ஒரு துளியும் இல்லாதிருந்தும். தூய தமிழில் ‘குளிரூட்டி’ என்று வழங்கலாமே என்று நான் ஒருமுறை துணிந்து, “குளிரூட்டி குறைந்துவிட்டது” என்று வீட்டில் அறிவித்தபோது, என் அத்தை ஏ.சி.யைத் தானே சரி செய்வதாகக் கூறி அதன் திருகியைக் கடைசி எண் வரை திருப்பிவிட்டார். அன்றோடு அச்சொல்லாக்க முயற்சியைக் கைவிட்டேன். எப்பெயரிட்டு அழைத்தாலும் அதில் குளிர்ச்சி என்ற குணம் மருந்துக்கும் இல்லை. உருளைக்குள் எரியும் வாயுவின் உச்ச வெப்பம் 2,000 டிகிரியைக் கடக்க, எரிபொருள் ஈனும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு, தானும் 90 டிகிரி சூட்டில் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் குளிர்ச்சியின் பெயரால் அழைப்பது, விளக்கை அணைப்பதைக் ‘குளிர வைத்தல்’ என்று நம் பாட்டிமார் சொல்வதைப் போன்ற மங்கல வழக்கு என்றே நான் துணிகிறேன்.

இனி வரலாறு. 1886-இல் கார்ல் பென்ஸ் உரிமம் பெற்ற வண்டியில், இயந்திரத்தைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றபோது, வழியெல்லாம் தண்ணீர் தேட வேண்டியிருந்தது. ஆக, உலகில் குடும்ப வண்டியில் நிகழ்ந்த முதல் நெடும்பயணமே பிறந்தகத்துக்குப் புறப்பட்ட ஒரு தாய் தண்ணீருக்கு அலைந்த கதையாக இருப்பதைக் காணும்போது, இத்துறையில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் ஏற்பட்டுவிடவில்லை என்று என் மனைவி கூறுவதை மறுக்க இயலவில்லை. பின்னர் 1900-இல் வில்ஹெல்ம் மேபாக் 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். ஓடி வரும் காற்றே நீரின் சூட்டை வாங்கிக்கொள்ள, அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரலாயிற்று. அந்நீரோடு கலக்கப்படும் எத்திலீன் கிளைக்காலை ஃபிரெஞ்சு ரசாயனி வுர்ட்ஸ் 1856-இலேயே ஆக்கிவிட்டார். நோய் தோன்றுவதற்கு முப்பது ஆண்டு முன்பே மருந்து தோன்றிக் காத்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் இவ்விஷயம் பற்றி மூன்று மதங்கள் உண்டு. முதலாவது என் மைத்துனரின் நீர்வாதம். கூலண்ட் என்பது நீர் உறையும் பனிநாட்டாருக்கு உரியது. நம் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் உதகை போன்ற மலையூர்களின் புல்வெளிகளில் மட்டுமே உறைபனி விழுகிறது. உதகைக்குப் போகாதவனுக்குக் கிணற்றுநீரே போதும். அந்தக் காலத்து வண்டிகள் கிணற்றுநீரிலேயே ஆயுளைக் கழிக்கவில்லையா என்பது அவரது பூர்வபட்சம். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயினும் அந்தக் காலத்து இயந்திரம் வார்ப்பிரும்பாலும், ரேடியேட்டர் செம்பாலும் பித்தளையாலும் ஆனவை, இந்தக் காலத்தவை பெரும்பாலும் அலுமினியம், குழாய்களும் மெல்லியவை. எங்கள் தெருவின் ஆழ்குழாய் நீரைக் காய்ச்சும் அண்டாவின் அடியில் ஆறு மாதத்தில் படியும் வெண்சுண்ணாம்பை நினைத்துக்கொண்டு, அந்த அடை ரேடியேட்டரின் நுண்குழாய்க்குள் படிவதையும் ஒருவர் கற்பனை செய்வாராயின் நீர்வாதம் அக்கணமே நிராகரிக்கப்படும். இதற்கு நேர்மாறாக, கெட்டியான கூலண்டை நீர் கலவாமல் அப்படியே ஊற்றுவது உத்தமம் என்று கொள்வோரும் உளர். கலப்பில்லாத பால் உயர்ந்தது என்னும் நியாயத்தை இங்கே கொண்டு வருவதால் விளைந்த மயக்கம் இது. கிளைக்காலின் வெப்பம் தாங்கும் திறன் நீரினுடையதில் பாதிக்குச் சற்றே மேற்பட்டது. தனியே விட்டால் அது 13 டிகிரி மைனஸிலேயே உறைந்தும் போகும். ஆனால் இரண்டையும் சரிபாதியாகக் கலந்தாலோ, 37 டிகிரி மைனஸ் வரை உறைவதில்லை. 100-ஐத் தாண்டியும் சில டிகிரி வரை கொதிப்பதில்லை. தனித்தனியே தோற்கும் இருவர் சேர்ந்த மாத்திரத்தில் வெல்லும் இவ்வற்புதத்தை எங்கள் கூட்டுக் குடும்பத்தில் நான் கண்டதில்லை. கலக்கும் நீர் மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டராக இருத்தல் வேண்டும். கலந்தே விற்பதை வாங்கினால் அதில் மேலும் நீர் சேர்க்கலாகாது.

எஞ்சிய இரு மதங்களும் வர்ணத்தைப் பற்றியவை. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் சிற்றப்பா பச்சைக் கட்சி. என் மாமா சிவப்புக் கட்சி. பச்சை பழையது, ஆகவே பிரமாணம் என்பார் முன்னவர். சிவப்பு புதியது, ஆகவே நெடுநாள் உழைக்கும் என்பார் பின்னவர். தீபாவளிதோறும் வளர்ந்துவரும் இவ்வாதத்தின் அடிப்படையில் ஓர் உண்மை இல்லாமல் இல்லை. பழைய வகை, சிலிக்கேட் முதலிய உப்புகளால் உலோகம் முழுவதற்கும் ஒரு மெல்லிய போர்வை போர்த்தித் துருவைத் தடுத்து, இரண்டு ஆண்டளவில் சக்தி ஒடுங்கிவிடும்; புதிய வகை, கரிம அமிலங்களால் துரு தோன்றும் இடத்தை மட்டும் நாடி அடைத்து, ஐந்தாண்டு அளவும் உழைக்கும்; இரண்டும் விரவிய மூன்றாவது வகையும் உண்டு. ஆனால் இவற்றுக்கும் நிறத்துக்கும் நியதமான தொடர்பு எதுவும் கிடையாது. நிறம் என்பது தயாரிப்போர் தத்தம் விருப்பப்படி சேர்க்கும் சாயமே. ஒருவரது பச்சை மற்றொருவரது சிவப்பின் குணத்தையும், ஒருவரது சிவப்பு மற்றொருவரது பச்சையின் குணத்தையும் பெற்றிருக்கக் கூடும். வகை அறியாமல் ஒன்றன்மேல் ஒன்றை ஊற்றினால் ஆயுள் குறைவதோடு, சில சமயம் கலவை கூழாகத் திரிந்து குழாயையும் அடைத்துவிடும். காவியையும் வெள்ளையையும் கண்ட மாத்திரத்தில் சந்நியாசியையும் சம்சாரியையும் நிச்சயித்துவிடும் நம்மவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது இன்மையைப் பற்றிய பிரகரணம்; இந்நூலின் சாரம் இதுவே. தருக்க நூலார் அபாவத்தை நான்காகப் பகுத்தது, அவர்கள் அறியாமலே, ரேடியேட்டரை உத்தேசித்துத்தான். ஊற்றச் சொல்லிக் காசும் கொடுத்த பின் ஊற்றப்படாமலே இருப்பது பிராகபாவம். இருந்து அழிவது பிரத்துவம்சாபாவம்: இது ஹோஸில் வெடிப்பு, கிளிப்பில் தளர்ச்சி, வாட்டர் பம்பில் கசிவு, மூடியின் ரப்பர் தேய்வு ஆகியவற்றால் நிகழும். ஆட்டோ ரிக்‌ஷாவிலும் ஸ்கூட்டரிலும் பெரும்பாலும் முக்காலத்தும் அது இல்லாமலே காற்றே அவ்வேலையைச் செய்வது அத்தியந்தாபாவம். குடம் துணியன்று, துணி குடமன்று என்பது போல ஒன்று மற்றொன்றாகாமை அன்னியோன்யாபாவம்; வண்டிக்கடியில் சொட்டும் நீரைக் கண்டு பதறுவோர் இதை நன்கு பயில வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது நிறமும் மணமும் அற்ற வெறும் நீர். கூலண்டோ சாயம் உடையது, விரலிடை வழவழக்கும், இனிய மணம் வீசும். நாவில் இட்டுப் பரீட்சிக்கும் பிரத்தியட்சவாதிகள் ஜாக்கிரதை: அது இனிப்பானது, கொடிய விஷமும் ஆனது, தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். அடைபட்ட பாதையில் சுற்றும் இத்திரவம் விரைவில் செலவாகும் பொருளன்று. ஆகையால் அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ போகிறது என்று பொருள். தரையில் ஈரமில்லாமல் குறைந்து, புகைபோக்கியில் வெண்புகையும் இயந்திர எண்ணெயில் பாற்காப்பி நிறமும் தோன்றினால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று அனுமானித்து, தவணைக்காரர் மனத்தைத் திடப்படுத்திக்கொள்வாராக.

காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவைகளுள் நாங்கள் இதுகாறும் கருதலை மட்டுமே கொண்டிருந்தோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கவும் கண்ணாடியில் சந்தனம் இடவும் ஆயுத பூஜைதோறும் வண்டியை வலம் வந்தவர்கள் பானெட்டைத் திறந்து, வண்டி ஆறியிருக்கும் காலையில், தொட்டியின் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே திரவம் நிற்கிறதா என்று ஒருநாளும் நோக்கியதில்லை. ஏற்காட்டுச் சாலையின் இருபது வளைவுகளுள் பதின்மூன்றாவதில் முள் சிவப்பை நாடியபோது, ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரைப் போட்டால் இயந்திரத்தின் சூடு சிறிது வண்டிக்குள் இறங்கும் என்ற உண்மையான உபாயத்தை நான் கையாண்டேன். வைகாசி வெயிலில் எழுவர் அமர்ந்திருந்த வண்டிக்குள் அதற்குக் கிடைத்த வரவேற்பை எழுத விரும்பவில்லை. வண்டியை ஓரம் கட்டியதும் மாமா துண்டை மடித்துக்கொண்டு மூடியைத் திறக்கப் போனார். வீட்டில் விசில் அடங்காத குக்கரின் அருகே செல்லாதவர் அவர். ரேடியேட்டருக்குள்ளும் அந்தக் குக்கரின் கதைதான். மூடி காக்கும் அழுத்தத்தாலேயே கொதியாதிருக்கும் திரவம், அது திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். எதிரே இறங்கி வந்த லாரியின் ஓட்டுநர் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டி, “ஐயா, மூடியத் தொட்டுறாதீங்க! மூஞ்சி வெந்துரும்!” என்று கத்தியிராவிட்டால் சிவப்புக் கட்சிக்குத் தலைவர் இருந்திருக்க மாட்டார். ஆறும்வரை காத்திருந்து, குடிக்க வைத்திருந்த நீரை ஆபத்தர்மமாக ஊற்றி, மெல்ல இறங்கினோம்.

மறுநாள் மெக்கானிக் அடிக்குழாயைக் கழற்றிவிட்டபோது, பச்சைக் கட்சியும் சிவப்புக் கட்சியும் குனிந்து நின்று பார்க்க, வாளியில் இறங்கியது புளிக்கரைசல் நிறத்தில் இருந்தது. “இது பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல சார், துரு” என்றார் அவர். பிறகு வண்டியோடு கொடுத்த புத்தகத்தைக் கேட்டார். அது டாஷ்போர்டில், மிட்டாய்க் காகிதங்களுக்கு அடியில், ஆறாண்டாக உறை பிரியாமல் கிடந்தது. அந்த உரையளவையில் எந்த வகை, எந்த விகிதம், எத்தனை ஆண்டு என்பது சொல்லப்பட்டிருந்தது. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உள்ளே கழுவி, மூடியின் ரப்பர் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றி, புத்தகம் கூறியபடியே அவர் ஊற்றிய கூலண்ட் நீல நிறமாக இருந்தது. திருமாலின் மேனியைப் பழையோர் நீலமென்றும் பச்சையென்றும் ஒருபடித்தாகப் பாடியிருப்பதால் வென்றது தம் கட்சியே என்று சிற்றப்பா சொல்லிவருகிறார். மாமா இன்னும் பதில் சொல்லவில்லை.