கோலா உருண்டையும் கோலா மீனும்

இன்னாடா பேராண்டி, சோறாக்குறதுக்குப் போன்ல வழி கேட்டுகினு இருக்கியாமே? உன் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. பழவேற்காட்டுல பொறந்து, ஏரித் தண்ணிய மூக்கால குடிச்சு நீச்சல் கத்துகினவன், ராத்திரிக்கு இன்னா குழம்புன்னு ஒரு கண்ணாடித் துண்டைத் தடவித் தடவிக் கேக்குற. அது வட்டிலு வட்டிலா படம் காட்டும். சோறு போடாது.

சுலபமா இருக்கணும், சீக்கிரம் ஆவணும், சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் எல்லாருக்கும் புடிக்கணும். மூணும் வேணுமாம் துரைக்கு. பொண்ணு பாக்கச்சொல்லவும் இப்படித்தான் மூணு கண்டிஷன் போட்ட. அந்தப் பொண்ணு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு, அதை நீ இன்னும் செய்யல. அது இன்னான்னு அதுங்கிட்டயே கேளு. இப்ப உருண்டைக் குழம்பு வை.

உருண்டையா, அது நாள் கெழமைக்குப் பண்றதாச்சேன்னு மூஞ்சிய சுளிக்காதே. நானும் ஒரு தபா உருண்டையில ஏமாந்தவன்தான். மெட்ராசுல ஒரு ஓட்டலு. பலகையில ‘கோலா உருண்டை’ன்னு எழுதிப் போட்டிருந்தான். கடலோடிக்குக் கோலான்னா இன்னா? ரெக்கைய விரிச்சிகினு தண்ணி மேல பறக்குமே, பறவைக் கோலா, அந்த மீனு. அதுல முள்ளை நீக்கி அரைச்சு உருட்டிட்டானா, பட்டணத்தான் கெட்டிக்காரன்டான்னு ரெண்டு பிளேட்டு சொன்னேன். வாயில போட்டா ஆட்டுக்கறி. சர்வர் பையனக் கூப்பிட்டு, “தம்பி, இந்தக் கோலா எந்தக் கடல்ல பறக்குது?”ன்னு கேட்டேன். “பெரியவரே, இது செட்டிநாட்டுப் பக்கம், மதுரைப் பக்கம் பண்றது. கைமாக் கறியும் பொட்டுக்கடலையும்”னான். கோவம் வந்துச்சு. உருண்டை நல்லா இருந்துச்சு. ரெண்டையும் சேத்து முழுங்கிட்டேன்.

வர்ற வழி பூரா பஸ்ல ஒரே ரோசனை. கறி இருந்த எடத்துல நம்ம இறாலை வச்சா? ஊரு வந்து எறங்கினதும் எறங்காததுமா உங்க ஆயாகிட்ட சொன்னேன், ஏதோ புதுசாத் தீவு கண்டுபுடிச்சவன் மாதிரி. “யோவ், நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அதைத்தான் ஆக்கிப் போடுறேன். கண்ண மூடிகினு துன்னுட்டு, இன்னிக்கு வந்து எனக்கே சொல்லித் தர்றியா?”ன்னா.

உருட்டுற வித்தை நமக்கு மட்டும் வந்தது இல்ல. டச்சுக்காரன் நம்மூர்ல கோட்டை கட்டினது 1613ல, ஜெல்டிரியான்னு பேரு. கோட்டை இருந்த எடத்துல இப்ப முள்ளுப் புதரு. கல்லறை மட்டும் நிக்குது, வாசல்ல ரெண்டு எலும்புக்கூட்டைக் கல்லுல செதுக்கி நிறுத்தியிருக்கான். அவன் பாசையில கறி உருண்டைக்கு ‘பிரிக்கடெல்’னு பேரு. அவன் இருந்துட்டுப் போன சிலோன்ல பறங்கியருங்க இன்னும் லாம்ப்ரைஸ்னு ஒண்ணு பண்றாங்க: வாழையிலையில சோறு, கறி, கத்திரிக்காயி, கூடவே இந்த உருண்டையும் வச்சு மடிச்சு, சூடு காட்டி எடுக்குறது. ஜாவாப் பக்கம் ‘பெர்கெடெல்’னு சொல்லிகினு உருளைக்கிழங்குல உருட்டுறாங்க. அங்கெல்லாம் உருண்டைய வுட்டுட்டுப் போனவன் நம்மூர்ல இன்னா வுட்டுட்டுப் போனான்? எலும்புக்கூடு. கப்பல்ல ஏத்திகினு போனது துணி. மலேயாவுல கைலிய இன்னிக்கும் ‘கைன் பெலிக்காட்’னுதான் சொல்றாங்க, பெலிக்காட்டுன்னா நம்ம பழவேற்காடுதான். கைலியக் குடுத்துட்டு எலும்புக்கூட்டை வாங்கின யாவாரிங்கடா நாம.

சரி, சட்டிக்கு வருவோம். அரைக் கிலோ வெள்ளை இறாலு வாங்கு. பெருசு வேணாம், பெருசு எக்ஸ்போர்ட்டுக்காரனுக்கு. அரைக்கிற சாமானுக்கு நடுத்தரமே போதும். வாங்குறப்ப தலையப் பாரு. தலை உடம்போட கெட்டியா ஒட்டிகினு, ஓடு பளபளன்னு இருந்தா நல்ல சரக்கு. தலை தொங்கி ஆடுச்சுன்னா அது நேத்தே செத்துப்போன சங்கதி. நம்மூரு இறாலு கடல்ல பொறந்து, குஞ்சா இருக்கச்சொல்ல முகத்துவாரத்து வழியா ஏரிக்குள்ள வந்து, இங்க துன்னு வளந்து, திரும்பக் கடலுக்குப் போறது. முகத்துவாரம் மண்ணடைச்சிகிச்சுன்னா வர்ற வழியும் போச்சு, போற வழியும் போச்சு. உங்க அப்பார்ட்மென்ட்டுல லிஃப்டு நின்னா நாலு மாடிய அண்ணாந்து பாத்துப் பெருமூச்சு வுடுறியே, அந்த மாதிரி.

சுலபமான்னு கேட்டியே. ஏரித் தண்ணியில எறங்கி, சேத்துக்குள்ள கைய வுட்டுத் தடவித் தடவி இறாலு புடிக்கிற இருளர் பொம்பளைங்களப் பாத்திருக்கியா? ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கும். புடிச்சதைப் போடுற ஓலைப் பறியப் பல்லுல கடிச்சிகினு இருப்பாங்க, மணிக்கணக்குல. நீயும் நானும் ஒரு வெத்தலையக் கடிச்சிகினு அந்நேரம் சும்மா இருக்க மாட்டோம். அப்படி வந்த இறாலைப் பொண்டாட்டி கையில குடுத்துட்டு, “இன்னிக்கு ஈசியா எதனா பண்ணும்மா”ன்னு சொல்றவனுக்கு ஈசிதான். எனக்கும் அம்பது வருசம் ஈசியாத்தான் இருந்துச்சு.

அதனால உரிக்கிறது நீ. குக்கர்ல அரிசிய ஏத்திட்டு உக்காரு, சோறு வேவுறதுக்குள்ள வேலை முடியும். தலைய முறிச்சு, ஓட்டைக் கழட்டி, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்து எறி. சதை பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும், அதுக்காக மீன்காரம்மாவத் திட்டாதே. தலையும் ஓடும் குப்பைக்குப் போவக் கூடாது. ரெண்டு டம்ளர் தண்ணியில பத்து நிமிசம் கொதிக்க வுட்டு வடிகட்டு. செவசெவன்னு ஒரு தண்ணி எறங்கும், அதுதான் குழம்புக்கு உசுரு.

கழுவின இறாலை ஒட்டப் பிழி. உருண்டை ஒடையுதுன்னு அழுவுறவங்கள்ல முக்காவாசிப் பேரு தண்ணியோட அரைச்சவங்கதான். மிக்ஸிய ஒரே மூச்சா ஓட வுடாதே. வுட்டு வுட்டு ரெண்டு சுத்து போதும். பாதி மையா, பாதி நறுநறுன்னு இருக்கணும். அதுல மொதல்ல உப்பு, உப்பு மட்டும். போட்டு அஞ்சு நிமிசம் கையால அடிச்சுப் பிசை. பிசையப் பிசைய வழவழன்னு பசையாயி விரலைப் புடிச்சிக்கும், வுடாது. சதையில இருக்குற புரதத்தை உப்பு வெளிய இழுத்து ஒட்ட வைக்குதாம், மீன்வளக் காலேஜு பையன் ஒருத்தன் சொன்னான். உங்க ஆயாவுக்கு அந்தக் காலேஜு கட்டுறதுக்கு முந்தியே தெரியும், பரிட்சைதான் எழுதல. அப்பறம் பொடியா அரிஞ்ச சின்ன வெங்காயம் ஒரு புடி, தட்டின இஞ்சி பூண்டு, கொஞ்சம் சோம்புத் தூளு, கறிவேப்பிலை, மூணு ஸ்பூனு பொட்டுக்கடலை மாவு. காரத்தை உருண்டையில போடாதே, குழம்புல போடு. அப்பத்தான் சின்னதுக்குன்னு அஞ்சாறை எடுத்துத் தோசைக்கல்லுல எண்ணெய் வுட்டுப் பெரட்டிக் குடுக்கலாம். காரம் பத்தலன்னு உங்கப்பன் மொனவுவான். அவனுக்கு ஒரு பச்சை மிளகாய் குடுத்துடு, கடிச்சிக்கட்டும்.

இப்பத்தான் விசயமே. உருட்டுறது ஒருத்தர் வேலை இல்ல. நம்ம ஏரியில பாடு முறை இருக்குதில்ல? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆளுங்க, எந்த எடத்துல எந்த நாளு சுத்து வலை கட்டுறது யாரு முறைன்னு வச்சிகினு மாத்தி மாத்திப் போறாங்க. நல்ல எடம் ஒருத்தனுக்கே ஒட்டிக்காது, மோசமான எடமும் ஒருத்தன் தலையிலயே வுழாது. அந்தப் பாட்டை அடுப்பங்கரைக்குக் கொண்டா. இன்னிக்கு உரிக்கிற பாடு உனக்கு, குழம்புப் பாடு உன் பொண்டாட்டிக்கு, உருட்டுற பாடு புள்ளைங்களுக்கு, சட்டி கழுவுற பாடு உங்கப்பனுக்கு. அடுத்த வாரம் மாத்து. வருசக் கணக்கா ஒரே ஆளு எல்லாத்துலயும் மாட்டிகினா அதுக்குப் பேரு பாடு இல்லடா, படாத பாடு.

உன் பொண்ணு மீன் வாடை அடிச்சாலே மூக்கைப் புடிச்சிகினு ஓடுதே, அதைக் கூப்பிட்டு உக்கார வை. உள்ளங்கையில எண்ணெய் தடவி வுடு. அது உருட்டினா ஒண்ணு கோலிகுண்டாட்டம் வரும், ஒண்ணு எலுமிச்சங்காயாட்டம் வரும். கைய நீட்டித் திருத்தின, கதை கெட்டுது. கோலிகுண்டு சீக்கிரம் வெந்துடும், அதை மொதல்ல எடுத்து அதுக்கே வையி. அடுப்பு மேல எட்டி எட்டி, “இது நான் பண்ணது, இது நான் பண்ணது”ன்னு காட்டும். உங்கப்பனும் எட்டு வயசு வரைக்கும் இறாலைத் தொடாதவன்தான். ஒரு நாளு உருட்ட வுட்டோம். தான் உருட்டினதைத் துன்னுட்டு, பக்கத்துல இருந்த தங்கச்சி தட்டுலயும் கைய வச்சு அடி வாங்கினான்.

குழம்புல பெரிய வித்தை இல்ல. நல்லெண்ணெய், வெந்தயம், வெங்காயம், தக்காளி, மிளகாய்த் தூளு, மல்லித் தூளு, புளி, அந்த ஓட்டுத் தண்ணி. மாங்காய் காலத்துல புளியக் கொறைச்சு ரெண்டு கீத்து மாங்காயப் போடு. பச்சை வாசனை போயி எண்ணெய் மெதக்குற வரைக்கும் கொதிக்கட்டும். அப்பறம் அடுப்பைக் கொறை. தளதளக்குற சட்டியில உருண்டையப் போடுறது புயலடிக்கச்சொல்ல கட்டுமரம் எறக்குற மாதிரி. சட்டி ஓரமா ஒண்ணொண்ணா வழுக்கி வுடு. கரண்டிய உள்ள வுட்டே, கைய ஒடிச்சிடுவேன். துணியால சட்டிய ரெண்டு பக்கமும் புடிச்சு மெதுவா ஒரு ஆட்டு ஆட்டினா போதும். மொதல்ல அடியில போயி உக்காரும். வேவ வேவ மேல வரும். மேல வந்தப்பறம் ரெண்டு நிமிசம் வுட்டு எறக்கி, கால் மணி நேரம் மூடி வையி.

ஆனா எல்லாத்தையும் போடுறதுக்கு முந்தி ஒரே ஒரு உருண்டைய வுட்டுப் பாக்கணும். ஒடைஞ்சா இன்னொரு ஸ்பூனு பொட்டுக்கடலை மாவு. ஒடையலன்னா, வாயில போட்டு உப்பு சரியான்னு பாக்கணும். இது ரொம்பப் பொறுப்பான வேலை. வூட்டுப் பெரியவங்கதான் பண்ணணும்.

இறாலு கிடைக்காத நாளைக்கு மடவை கிடைக்கும். தோலு கீழ இருக்க, ஸ்பூனால பச்சைச் சதைய வழிச்செடு, விரலால தடவி மிச்ச முள்ளைப் பொறுக்கிடு. வேவ வச்சு உதுத்தீன்னா அது புட்டுக்குத்தான் ஆவும், உருண்டை புடிக்க முட்டையோ உருளைக்கிழங்கோ சேக்கணும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மடங்கா உருட்டித் தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல வச்சிகினாலும் சரிதான். புதன்கிழமை ராத்திரி ஐஸ் உருகுறதுக்குக் காத்துகினு நிக்காம அப்படியே குழம்புல வுடு, நாலஞ்சு நிமிசம் கூடப் புடிக்கும். பாக்கெட்டுல ஒரு தடவை உறைஞ்சு உருகின இறாலை மட்டும் மறுபடி உறைய வைக்காதே.

நாளுன்னா ஞாபகம் வருது. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட்டு வுடுற அன்னிக்கு நம்மாளுங்களக் கடலுக்குப் போவாதன்னு சொல்லிடுவாங்க. ஊரு ஆம்பளைங்க பூரா மணல்ல உக்காந்து வாயப் பொளந்துகினு மேல பாத்துகினு இருப்பானுங்க. உருண்டை உருட்ட அதைவிட நல்ல நாளு இந்த ஊர்ல கிடையாது. ராக்கெட்டு மேல போயிடும். உங்கப்பன்தான் பாயை வுட்டு எழும்ப மாட்டான்.

கடைசியா கணக்கு. அரைக் கிலோவுல நெல்லிக்காய் அளவுக்கு இருவது உருண்டை வரும். அஞ்சு பேருக்கு ஆளுக்கு நாலு, சரியா வரணும். வராது. போன வாரம் உங்க ஆயா எண்ணித்தான் உருட்டினா. பந்தியில பாத்தா பதினாறுதான் இருக்குது. ஒடையுதான்னு பாத்தது ஒண்ணு, உப்பு பாத்தது ஒண்ணு, வெந்துச்சான்னு பாத்தது ஒண்ணு, மூணுக்குக் கணக்கு சொல்லிட்டேன். நாலாவது எங்கன்னு கேட்டா. நாயி கவ்விகினு போச்சுன்னேன். “நம்ம வூட்ல ஏதுய்யா நாயி?”ன்னு கேட்டுட்டு, கரண்டியும் கையுமா என் வாயையே பாத்துகினு நின்னா. மீசையில குழம்பு இருந்துச்சாம். நீ தொடைச்சிகினு போயி நில்லு.