தாளில்லாதார்

எங்கள் ஸ்கூடாய் வட்டாரத்தில் ஒரு விழா என்றால் பந்தல், வாழைமரம், தாளில்லாதார் ஆகிய மூன்றும் தவறாமல் இருக்கும். முதல் இரண்டுக்கும் நாங்கள் காசு கொடுத்து ஏற்பாடு செய்வோம். மூன்றாவது தானாகவே வந்து சேர்ந்துவிடும்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மைக்கின் முன் வந்து நின்றதும் நாங்கள் கொடுத்த நிகழ்ச்சி நிரலை எல்லாரும் பார்க்கும்படி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். முட்டையை மறைத்த மந்திரவாதி தோற்றுப்போவான். “பாருங்கள், என் கையில் குறிப்பு எதுவும் இல்லை!” இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

தாள் என்ற சொல்லுக்குத் தமிழில் காகிதம், முயற்சி, பாதம் என்று பல பொருள் உண்டு. காகிதம் இல்லை என்பதை அவரே அறிவித்துவிடுகிறார். முயற்சி அளவுக்கு மீறியே இருக்கிறது. பாதம்தான் மேடையை விட்டு இறங்குவதில்லை.

நம் மலேசியாவில் பேச்சைவிடப் பெரிய பரீட்சை, பேச்சுக்கு முன்னால் வரும் விளிப்பு. துன், டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்று பட்டங்களின் படி பிசகாமல் இறங்கி வரவேண்டும். ஒரு பள்ளி விழாவில் அவர் இப்படி அழகாக இறங்கிவந்து, தலைமையாசிரியையைக் கும்பிட்டு, “பெற்றோர்களே” என்ற இடத்தில் நின்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரை விட்டுவிட்டது நினைவுக்கு வந்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் அந்தப் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டு போயிருப்பார். இவர் மறுபடியும் டான் ஸ்ரீயிலிருந்து ஆரம்பித்தார். டான் ஸ்ரீ இரண்டாவது முறையும் எழுந்து கும்பிட்டார். மூன்றாவது முறை உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார்.

ஏன் முதலிலிருந்து? அது தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் பிடித்த பழக்கம். வாத்தியார் எழுதிக்கொடுப்பார், பிள்ளை உருப்போடும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வரும். நடுவில் ஒரு வாலை விட்டால் ஒலிநாடா மாதிரி பின்னால் சுற்றி முதலிலிருந்து ஓடவேண்டும். அன்று அவருக்குக் கிடைத்த கோப்பை இன்றும் வீட்டில் இருக்கிறது. அன்று மாட்டிய ஒலிநாடாவும் உள்ளேயே இருக்கிறது. ஜொகூரில் ஏறக்குறைய எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் அவருக்கு வாரிசு இல்லாமல் போய்விடுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

உருப்போடுவதற்கு அவருக்கு வாய்த்த இடம் கடற்பாலம். விடியற்காலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். 1924இல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நெரிசல் நாளில் அதைக் கடப்பதற்குள் ஒரு பொங்கல் வாழ்த்துரையையும் ஓர் இரங்கலுரையையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஹெல்மெட்டுக்குள் இவர் “அவையோர்களே!” என்று முழங்குவார். பக்கத்து வண்டி மலாய்க்காரர் தன்னைத்தான் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, மலாயில் “ஆப்பா?” (என்ன?) என்பாராம். “அப்பா என்றே கூப்பிட்டுவிட்டான் தம்பி, என் குரலில் அப்படி ஒரு கனிவு!” என்று இவர் அதையும் மேடையில் சொல்லியிருக்கிறார்.

உருப்போட்டதில் ஒரு சங்கடம், உலகம் மாறினாலும் உரை மாறாது. 2014 முதல் எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறு என்று ஆகிவிட்டது. அந்த ஆண்டு நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விழாவில் இவர், “இந்த வெள்ளிக்கிழமை விடுமுறையையும் தியாகம் செய்து திரண்டிருக்கும் உங்களை...” என்று தழுதழுத்தார். ஒரு பையன் பதறிப்போய்ப் பள்ளிக்கூடப் பையைத் தேடினான்.

உதவலாமே என்று நான்தான் அவருக்குச் சிமோனிடிஸ் கதையைச் சொன்னேன். கிரேக்கக் கவிஞர். விருந்திலிருந்து அவர் வெளியே வந்த நேரம் மண்டபக் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே செத்தவர்களை அடையாளம் தெரியவில்லை. யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்துப் பார்த்து ஒவ்வொருவரையும் அவர் சொன்னாராம். சிசரோ எழுதிவைத்திருக்கிறார். “வரிகளை விடுங்கள் ஐயா. நன்கு தெரிந்த ஓர் இடத்தை மனத்தில் வைத்து, வாசலில் ஒரு கருத்து, தூணில் ஒரு கருத்து என்று நிறுத்திவிட்டு நடந்துபோங்கள்” என்றேன்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவில்! 1922இல் சிறு குடிலாகத் தொடங்கி, 2009இல் கண்ணாடிக் கோவிலானது. உள்ளே பதித்திருப்பவை ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள். “கல்வியே செல்வம்” என்ற கருத்தை வாசலில் நிறுத்திவிட்டு மேடை ஏறினார். அன்று அதை மட்டும் பதினேழு முறை சொன்னார். “எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்விதான் தெரியுது தம்பி” என்று இறங்கிவந்து என்னையே குறை சொன்னார்.

“நினைவாற்றலைக் கிரேக்கன்தான் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?” என்பது அடுத்த விழாவில் அவர் எழுப்பிய கேள்வி. நியாயமானது. 1907 மார்ச் 10ஆம் தேதி சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்துச் சதாவதானம் செய்து காட்டினார். கேட்ட வெண்பாவைப் பாடிக் காட்டுவது, மணியோசையை எண்ணுவது, முதுகில் எறியும் கற்களை எண்ணுவது எல்லாம் அவதானக் கலையில் சேர்ந்தவை. “இந்தக் கடைசி அம்சத்தை மட்டும் இவரிடம் சோதித்துப் பார்க்கலாமா?” என்று எங்கள் பொருளாளர் என் காதில் கேட்டார்.

அதே விழாவில் ரெங்கம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிய ஒரு பாட்டியையும் பேசக் கூப்பிட்டிருந்தோம். அவர் கையிலும் தாள் இல்லை. விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குப் போனதையும், மழை வந்தால் அன்றைய கூலி போனதையும் சொன்னார். “மிச்சத்தை அப்புறம் சொல்றேன், கால் வலிக்குது” என்று இறங்கிவிட்டார். மொத்தம் நான்கு நிமிடம். நடந்ததைச் சொல்கிறவருக்கு உருப்போட என்ன இருக்கிறது?

தாளை ஏளனம் செய்கிறவர்கள் அதன் ஒரே ஒரு நற்குணத்தைக் கவனிப்பதில்லை. அது தீர்ந்துபோகும். கடைசி வரி வந்தால் யாரானாலும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். தாளில்லாதார் தொடக்கத்தை மனப்பாடம் செய்கிறார், நடுவை மனப்பாடம் செய்கிறார். முடிவை மட்டும் அந்த நேரத்துக்கு விட்டுவிடுகிறார். அந்த நேரம் வருவதே இல்லை.

போன மாதம் துணிந்து ஒரு துண்டுச்சீட்டு எழுதி அனுப்பினோம். “சாப்பாடு தயார். நன்றி, வணக்கம்” என்ற ஒரே வரி. வாங்கினார், படித்தார், நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

எங்கள் அடுத்த விழா வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு. அனைவரும் வருக. பசியாறிவிட்டு வருக.