அண்ணாச்சியின் ஆக்சஸ்

"கம்ப்யூட்டரு எந்திரிக்க மாட்டேங்கு வே" என்றார் திருநெல்வேலி டவுன் மளிகைக்கடை அண்ணாச்சி. கம்ப்யூட்டர் எழுந்துதான் இருந்தது. படுத்தது பாக்கிக் கணக்கு வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பு, திறந்த வேகத்தில். 1992-இல் வெளிவந்த அந்தத் தரவுத்தள மென்பொருளில் ஒரு கோப்பு இன்றைக்கும் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. அண்ணாச்சியோ பாக்கிக்காரர் ஒவ்வொருவரின் போட்டோவையும் உள்ளே திணித்திருந்தார். "மூஞ்சி மறந்துரக் கூடாதுல்லா!"

முந்தின நாள் கரண்ட் போனபோது கோப்பு திறந்தபடியே கிடந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு குட்டிப் பூட்டுக் கோப்பு, நெல்லையப்பர் தேர் கிளம்பும்போது எடுக்க மறந்த முட்டுக்கட்டை மாதிரி. யாரும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு அதை அழித்தேன்.

"பேக்கப் இருக்கா அண்ணாச்சி?"

மஞ்சள் தடவிய பேரேட்டை எடுத்து நீட்டினார். அது ஒரு நாளும் படுத்ததில்லையாம்.

நானே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, தொடக்கக் கட்டளைகள் ஓடாதபடி ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துத் திறந்தேன். பிறகு 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்'. அண்ணாச்சி நெல்லையப்பரைக் கும்பிட்டார், நான் மைக்ரோசாஃப்டை.

திறந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு என் போட்டோ, கீழே ஏழு மாசப் பாக்கி.